விவிலியத்தில் இரக்கமும் நீதியும்: முத்துக்குளித்துறையிலிருந்து ஒரு வாசிப்பு

1544ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள். ஆலந்தலையில் இருந்த பிரான்சிஸ் சவேரியார், தம்மோடு இக்கரையில் பணியாற்றிய பிரான்சிஸ்கோ மன்சிலாசுக்கு அவசரமாக ஒரு கடிதம் எழுதுகிறார். தூத்துக்குடி தாக்கப்பட்டிருக்கிறது. அங்கிருந்த போர்த்துக்கீசியத் தலைவர் கொஸ்மே தெ பைவாவின் கப்பலும் வீடும் எரிந்துவிட்டன. அவர் தீவுகளுக்குத் தப்பி ஓடியிருக்கிறார். ஊர் மக்களும் தீவுகளில் பசியோடும் தாகத்தோடும் கிடக்கிறார்கள். தோணிகளில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு உடனே போய் உதவ வேண்டும் என்பதே கடிதத்தின் சாரம். பட்டங்கட்டிகளுக்கும் (பரதவர் ஊர்த்தலைவர்களுக்கும்) தனியே ஆள் அனுப்பினார்.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்று தோன்றலாம். துறவி ஒருவர் துன்பத்தில் இருப்போருக்குத் தண்ணீர் அனுப்புகிறார். ஆனால் அந்தத் தலைவர் யார் என்பதை அறிந்தால் கடிதத்தின் எடை மாறும். கரையில் பல தீமைகளுக்குக் காரணமானவர் என்று சவேரியாரே வெளிப்படையாகக் குற்றம் சாட்டிவந்த மனிதர் அவர். எதிரிகளுக்கே குதிரை விற்றார் என்ற பழியும் அவர்மேல் உண்டு. இருவருக்கும் இடையே பேச்சு முறிந்திருந்தது. தாம் நேரில் போனால் தலைவர் விரும்பமாட்டார் என்பதால்தான் சவேரியார் தாம் போகாமல் மற்றவர்களை அனுப்பினார்.

மூன்று மாதம் கழித்து, டிசம்பர் 18ஆம் நாள், கொச்சியிலிருந்து அதே மன்சிலாசுக்கு இன்னொரு கடிதம் போகிறது. இதன் குரல் வேறு. இக்கரையில் பைவா அடித்த கொள்ளைகளுக்கும், அவருடைய பேராசையால் தூத்துக்குடியில் நேர்ந்த சாவுகளுக்கும் அவர் தம் மனச்சான்றின் பாரத்தை இறக்கிவைக்க மன்சிலாஸ் உதவ வேண்டும். போர்த்துக்கீசியரைக் கொன்றவர்களிடம் வாங்கிய பணத்தை அவர் திருப்பிக்கொடுக்க வேண்டும். அவர் திருந்துவார் என்ற நம்பிக்கை இல்லாததால் தாம் நேரடியாக அவருக்கு எழுதவில்லை. அரசருக்கும் ஆளுநருக்கும் எழுதித் தண்டனை கேட்கப்போவதை அவருக்குச் சொல்ல வேண்டும். இவ்வாறு கணக்கு நீள்கிறது.

முதலில் தண்ணீர், பிறகு கணக்கு. கடவுளின் இரக்கத்தையும் நீதியையும் பற்றி விவிலியம் சொல்வதைப் புரிந்துகொள்ள, இறையியல் பாடநூல்களின் நெடிய விளக்கங்களைவிட இந்த இரண்டு கடிதங்கள் நல்ல நுழைவாயில் என்று இக்கட்டுரை கருதுகிறது. அவற்றில் உள்ள குறையும் சேர்ந்தே பயன்படும்.

தராசு என்னும் உவமை

இரக்கமும் நீதியும் பற்றிய பேச்சு பெரும்பாலும் தராசு உவமையில் தொடங்குகிறது. ஒரு தட்டில் இரக்கம், மறு தட்டில் நீதி; கடவுள் இரண்டையும் சமமாக நிறுத்துகிறார் என்பர். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் தராசில் ஒரு தட்டு ஏறினால் மற்றது இறங்கியே தீரும். இரக்கம் கூடினால் நீதி குறையும் என்ற எண்ணத்தை உவமையே நம்முள் புகுத்திவிடுகிறது. பழைய ஏற்பாடு நீதியின் நூல், புதிய ஏற்பாடு இரக்கத்தின் நூல் என்ற பிரிவினையும் இதன் பிள்ளைதான். மாணவர் பலர் இதை இன்றும் தேர்வில் எழுதுகிறார்கள்.

நூலைத் திறந்தால் இந்தப் பிரிவினை நிற்காது. விடுதலைப் பயணம் 34ஆம் அதிகாரத்தில் கடவுள் மோசேக்குத் தம் பெயரை அறிவிக்கும் இடத்தில், இரக்கமும் பொறுமையும் பேரன்பும் உடையவர் என்பதும், குற்றத்தைத் தண்டியாமல் விடாதவர் என்பதும் ஒரே மூச்சில் வருகின்றன. பிற்கால இறைவாக்கினரும் திருப்பாடல் ஆசிரியர்களும் இந்தப் பகுதியைத் திரும்பத் திரும்ப எடுத்தாள்கிறார்கள். மறுபுறம், மத்தேயு 18இல் வரும் பணியாளன் கதை புதிய ஏற்பாட்டில்தான் இருக்கிறது. மலைபோன்ற கடன் மன்னிக்கப்பட்டவன், தனக்குச் சிறு தொகை தரவேண்டிய உடன்பணியாளனின் கழுத்தை நெரிக்கிறான். அவனுக்கு அளித்த மன்னிப்பு திரும்பப் பெறப்படுகிறது. இரக்கத்தின் நூல் என்று நாம் ஒதுக்கிவைத்த பக்கத்திலேயே இத்தனை கடுமை.

பன்னிரு சிறு இறைவாக்கினர் நூல்களின் வரிசை இன்னும் சுவையானது. யோனா, மீக்கா, நாகூம் என்று அவை அடுத்தடுத்து நிற்கின்றன. யோனா நூலில் நினிவே மன்னிக்கப்படுகிறது. நாகூம் நூலில் அதே நினிவேயின் வீழ்ச்சி பாடப்படுகிறது. நடுவே நிற்கும் மீக்கா, கள்ளத் தராசையும் கள்ள எடைக்கற்களையும் சாடுகிறார். நீதியைச் செய்வதையும் இரக்கத்தை நேசிப்பதையும் ஒரே கட்டளையாகக் கேட்கிறார். தொகுத்தவர்கள் இதை முரண்பாடாக எண்ணி வெட்டி எறியவில்லை.

கடற்கரை வாசகருக்கு யோனா நூல் நெருக்கமானது. துறைமுகம், கூலி கொடுத்து ஏறும் கப்பல், சரக்கைக் கடலில் வீசும் மாலுமிகள், புயல் எல்லாம் அதில் உண்டு. பெரிய மீன் எல்லாக் கவனத்தையும் விழுங்கிவிடுவதால் கவனிக்கப்படாமல் போகும் ஓர் இடம் மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. நினிவே அரசனின் ஆணை சாக்கு உடையோடும் நோன்போடும் முடியவில்லை. ஒவ்வொருவரும் தம் கைகளில் உள்ள வன்செயலை விட்டுவிட வேண்டும் என்றும் அது சொல்கிறது. கடவுள் கண்டதாக நூல் குறிப்பிடுவது சாக்கு உடையை அன்று. அவர்கள் தீய வழியிலிருந்து திரும்பிய செயலை. இரக்கம் இறங்கிவந்த இடத்தில் நீதி ஏற்கெனவே வேலையைத் தொடங்கியிருந்தது. யோனாவின் கோபமும் அற்பமானது அன்று. அசீரியரின் கொடுமையை அறிந்த மக்களுக்கு அந்த மன்னிப்பு உறுத்தியே இருக்கும். அந்தக் கோபத்தை நூல் ஏளனம் செய்து ஒதுக்கவில்லை. அதனோடு உரையாடி, விடையில்லாத ஒரு கேள்வியில் நின்றுவிடுகிறது.

சக்கேயுவின் வீட்டில் நடந்தது

செப்டம்பர் கடிதத்துக்கும் டிசம்பர் கடிதத்துக்கும் இடையிலான வரிசையை விவிலியத்தில் தேடினால் லூக்கா 19க்கு வந்து சேர்வோம். எரிகோவின் வரிதண்டுவோர் தலைவன் சக்கேயு. இயேசு முதலில் அவன் வீட்டுக்குப் போகிறார். நிபந்தனை எதுவும் விதிக்கவில்லை, கணக்கும் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் சக்கேயு எழுந்து நின்று, உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் சொல்கிறான். மீட்பு வந்தது என்ற அறிவிப்பு அதன் பின்னரே வருகிறது. இந்த வரிசையை மாற்றினால் கதை கெடும். கணக்கை முதலில் கேட்டிருந்தால் அவன் கதவைச் சாத்தியிருப்பான். விருந்தோடு முடிந்திருந்தால் எரிகோவில் ஏமாற்றப்பட்டவர்களுக்கு அந்த விருந்து இன்னொரு அநீதியாகப் போயிருக்கும்.

நான்கு மடங்கு என்பது சக்கேயு தானே கண்டுபிடித்த எண் அன்று. திருடிய ஆட்டுக்கு நான்கு ஆடு என்று விடுதலைப் பயண நூலின் சட்டம் இருக்கிறது. லேவியர் 6ஆம் அதிகாரம் இன்னும் நுணுக்கமானது. பிறனிடம் வஞ்சித்து வாங்கியதை முழுமையாகத் திருப்பி, அதனோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து, உரியவனுக்கே கொடுக்க வேண்டும். குற்றப்பழி நீக்கும் பலியைப் பற்றிய பேச்சு அதற்கு அடுத்துதான் வருகிறது. பலிபீடம் உரியவனின் வீட்டுக்கு மாற்று ஆகாது. மத்தேயு 5இல் காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்வதும் இதே தடத்தில்தான். ஆகஸ்ட் 5ஆம் நாள் பனிமய மாதா திருவிழாவுக்குத் தூத்துக்குடியில் வந்து குவியும் காணிக்கைகளை எண்ணிப்பார்க்கும் எவருக்கும் இந்த வசனம் சற்று நெருடத்தான் செய்யும்.

மேற்குலகத் திருச்சபையின் ஆசிரியர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். திருப்பிக்கொடுக்க முடிந்தும் கொடாதவனின் மனவருத்தம் நடிப்பே என்பது அகுஸ்தீனின் நிலைப்பாடு. இரக்கம் நீதியை அழிப்பதில்லை, அதை நிறைவாக்குகிறது என்பது தோமா அக்குவினாசின் கருத்து. அவர் தரும் எடுத்துக்காட்டு எளியது: நூறு காசு தரவேண்டியவன் தன் சொந்தப் பணத்திலிருந்து இருநூறு கொடுத்தால் அதில் அநீதி ஏது? இந்த விளக்கம் தராசைத் தூக்கி எறிந்துவிடுகிறது. ஆனால் இதில் ஒரு சொல் முக்கியமானது, ‘சொந்தப் பணம்’. பிறருக்குச் சேரவேண்டியதை நான் தாராளமாக மன்னித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

முத்துக்குளித்துறைக்கு இது ஏட்டு விவகாரமாக இருக்கவில்லை. 1547 முதல் இக்கரையில் வாழ்ந்து 1600இல் புன்னைக்காயலில் மறைந்த அன்ரிக்கே அன்ரிக்கஸ் அடிகளார், தமிழ் அச்சு வரலாற்றில் ‘தம்பிரான் வணக்கம்’ (கொல்லம், 1578) நூலுக்காக நினைக்கப்படுகிறார். மறுஆண்டு கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வந்தது. 1580இல் வந்த ‘கொம்பெசியொனாயரு’ பாவசங்கீர்த்தனத்துக்கு வழிகாட்டும் நூல். தமிழில் முதன்முதலாக அச்சேறிய ஒரு சில நூல்களில் ஒன்று, குற்றத்தை ஒப்புக்கொள்வது எப்படி என்பதைப் பற்றியது. அச்சுக்கான செலவில் பரதவர்களின் நன்கொடைக்குப் பெரும் பங்கு உண்டு. மூழ்கி எடுத்த சிப்பியிலிருந்து வந்த பணம் இரக்கத்தையும் கணக்கையும் பற்றிய புத்தகமாயிற்று. அச்சு வரலாற்றாசிரியர்கள் எழுத்துருவைப் பற்றிப் பேசிய அளவுக்கு இந்த நூலின் பொருளைப் பற்றிப் பேசவில்லை என்பது ஒரு குறையே.

திருப்பிக்கொடுக்க முடியாதது ஒன்று உண்டு. அது உயிர். 2 சாமுவேல் 12இல் நாத்தான் சொன்ன ஆட்டுக்குட்டிக் கதையைக் கேட்டுக் கொதித்த தாவீது, நான்கு மடங்கு திருப்பவேண்டும் என்று தீர்ப்பளிக்கிறான். அந்த மனிதன் நீயே என்று தெரிந்த பிறகு, உரியாவை எப்படித் திருப்புவது? தாவீதுக்கு மன்னிப்பு உடனே கிடைக்கிறது. ஆனாலும் வாள் அவன் வீட்டை விட்டு விலகவில்லை. நாத்தான் இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டுப் போகிறார்.

தூத்துக்குடியில் 2018 மே 22ஆம் நாள் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின்போது தொடங்கிய காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் கொல்லப்பட்டனர். அரசு இழப்பீடு அளித்தது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது; காவல்துறை அதிகாரிகளின் பொறுப்பை அது குறிப்பிட்டுச் சொன்னது. லேவியர் நூலின் அளவுகோலில் பார்த்தால் இழப்பீடும் ‘திருப்பிக்கொடுத்தலும்’ ஒன்றல்ல. முன்னது பொதுக் கருவூலத்திலிருந்து வருகிறது. பின்னது தவறு செய்தவன் கையிலிருந்து, அவன் தன் தவறை ஏற்றுக்கொண்ட பிறகு வரவேண்டும். மன்னிக்கும்படி இறந்தவரின் குடும்பத்திடம் சொல்ல முனைபவர் எவராயினும், இந்த வேறுபாட்டைத் தாண்டித்தான் பேச வேண்டியிருக்கும்.

அபராதம் யாருக்கு?

இனி சவேரியாரின் பக்கம் திரும்புவோம். அவருடைய இரு கடிதங்களையும் புகழ்ந்துவிட்டு நிறுத்தினால் அது புனிதர் வரலாறாகிவிடும்.

அதே 1544ஆம் ஆண்டுக் கடிதங்களில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. சாராயம் குடிக்கும் பெண்களைப் பிடித்தால் தலைக்கு ஒரு பணம் அபராதம், மூன்று நாள் காவல். ஊரில் அது அறிவிக்கப்பட வேண்டும். அபராதம் பிடிப்பவனுக்குச் சேரும். குடி நிற்காவிட்டால் பட்டங்கட்டிகளும் பதில் சொல்லியாக வேண்டும். இந்தத் தண்டனை அன்றன்றைக்கே நடக்கக்கூடியது. தலைவர் பைவாவுக்கு எதிரான முறையீடோ லிஸ்பனுக்குக் கப்பலேறிப் போக வேண்டும். பதில் வர ஓராண்டுக்கு மேல் ஆகும். கரைப்பெண்ணுக்கு நீதி மூன்று நாளில், கப்பல் தலைவனுக்கு மூன்று பருவக்காற்றில். ஏழை என்று பார்க்காதே, பெரியவன் என்றும் மதிக்காதே என்று நீதி வழங்குவோருக்குச் சொல்லும் லேவியர் 19இன் கட்டளையை இங்கே யாரும் கைக்கொள்ளவில்லை. பைவாவுக்குக் காட்டிய இரக்கம் மெய்யானது. ஆனால் நீதியின் வேகம் ஆளுக்கு ஆள் மாறும்போது இரக்கமும் மேலோருக்கான சலுகைபோலத் தோன்றத் தொடங்குகிறது.

டிசம்பர் கடிதத்தில் அரசர், ஆளுநர் ஆகியோரோடு தலைமை விசாரணை அதிகாரியான இளவரசர் ஹென்றிக்கின் பெயரும் வருகிறது. சமயம் மாறுவோரைத் துன்புறுத்துவோரை விசாரணை மன்றத்தின் வழியே தண்டிக்கக் கேட்பதாக எழுதுகிறார். 1546இல் அரசருக்கு எழுதிய கடிதத்தில் இந்தியாவுக்கு அந்த மன்றத்தை அவர் கேட்டதும், அவர் இறந்து எட்டாண்டு கழித்து 1560இல் அது கோவாவில் நிறுவப்பட்டதும் வரலாறு. கொள்ளையடித்த தலைவனைக் கட்டுப்படுத்தத் தேடிய கருவி, பின்னர் வலுவற்றவர்கள் மேல் பாய்ந்தது. நியாயமான கோபத்துக்கும் தவறான கருவி அமையலாம்.

செருப்புப் பணம் பற்றிய செய்தியும் இங்கே நினைக்கத்தக்கது. முத்துக்குளித்துறையின் திறையில் ஒரு பகுதி போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அதைக் கரையில் மறைக்கல்வி கற்பிக்கும் உபதேசியார்களின் சம்பளத்துக்குத் திருப்பிவிட்டவர் சவேரியார் என்று அவருடைய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. பணம் கடல்கடந்து போகாமல் கரையிலேயே தங்கியது நல்லதுதான். ஆனால் அது குளியாளின் கைக்குத் திரும்பவில்லை. லேவியர் நூல் ‘உரியவனுக்கு’ என்கிறது. இங்கே உரியவன் யார் என்று கேட்கப்படவே இல்லை.

அந்தக் குளியாளைப் பற்றி மிகப் பழைய குறிப்பு ஒன்று உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்ரேயக் கடல் பயண நூல்’ என்னும் கிரேக்க நூல், பாண்டியரின் கொற்கைத் துறையில் தண்டனை பெற்ற கைதிகளே முத்துக்குளித்தார்கள் என்கிறது. அதே நூற்றாண்டில் எழுதப்பட்ட மத்தேயு நற்செய்தியில் நல்முத்தைத் தேடும் வணிகனின் உவமை இருக்கிறது. உள்ளதையெல்லாம் விற்று ஒரு முத்தை வாங்குகிறான். அந்த முத்து செங்கடலில் எடுத்ததாகவும் இருக்கலாம், பாரசீக வளைகுடாவினதாகவும் இருக்கலாம். உவமைக்கு அது தேவையில்லை. ஆயினும் தூத்துக்குடியில் உட்கார்ந்து படிக்கும்போது கேள்வி தானாக எழுகிறது. வணிகனுக்கு விண்ணரசாகத் தெரிந்த முத்து, அதை எடுத்து வந்தவனுக்கு அரசன் விதித்த தண்டனையாக இருந்திருக்கக்கூடும். மறையுரைகளில் வணிகனின் துறவு பேசப்படுகிறது. கல்லைக் கட்டிக்கொண்டு கீழே போனவன் பேசப்படுவதில்லை. உவமைகளை அவை சொல்லாததற்காகக் குறைகூறுவது முறையன்று என்பர். ஒப்புக்கொள்ளலாம். ஆனால் கூலி தராமல் வைத்துக்கொண்ட வேலையாளின் குரல் கடவுளின் காதில் விழுவதாக யாக்கோபு திருமுகத்தின் 5ஆம் அதிகாரம் சொல்கிறது. விவிலியமே எழுப்பும் கேள்வி இது. வெளியிலிருந்து கொண்டுவந்தது அன்று.

‘தர்மம்’ என்ற சொல்

எபிரேயத்தில் நீதியைக் குறிக்கும் ‘செதாக்கா’ என்ற சொல் காலப்போக்கில் ஏழைக்குக் கொடுப்பதையும் குறிக்கலாயிற்று. இரக்கத்தைக் குறிக்கும் ‘ரகமீம்’ என்ற சொல்லோ தாயின் கருப்பையைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. இந்தச் சொற்களைத் தமிழாக்கியவர்கள் நீதி, நியாயம், இரக்கம், கிருபை, தயவு என்று பலவாறு முயன்றார்கள். சீர்திருத்தச் சபைகளின் பழைய மொழிபெயர்ப்பில் ‘கிருபை’ என்று வந்த பல இடங்களில் 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘பேரன்பு’ என்று வைத்தது. உடன்படிக்கைக்கு உண்மையாயிருக்கும் அன்பு என்ற பொருளுக்கு இது நெருக்கமானது. ‘கிருபை’ என்ற சொல்லில் மேலிருந்து கீழே சொரியும் தொனி கூடுதலாக இருந்தது.

ஆனால் மத்தேயு 6ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் பழைய மொழிபெயர்ப்புக்கே என் வாக்கு. கிரேக்கத்தின் சிறந்த படிகளில் அங்கே இருப்பது ‘நீதி’ என்ற சொல். பொது மொழிபெயர்ப்பு அதை ‘அறச் செயல்கள்’ என்கிறது. பிழையில்லை. பழையதோ ‘தர்மம்’ என்றது. தமிழில் தர்மம் என்றால் நெறி. தர்மம் என்றால் பிச்சையும்தான். கோயில் வாசலில் கையேந்துகிறவர் கேட்பதும், நீதிமன்றத்தில் தோற்றவர் செத்துப்போயிற்று என்று புலம்புவதும் ஒரே சொல்லையே. எபிரேயச் சொல்லுக்குள் இருந்த இரட்டைப் பொருள் அப்படியே தமிழுக்குள் வந்து இறங்கியது. மொழிபெயர்த்தவர்கள் இதை எண்ணித்தான் செய்தார்களா, வழக்கில் இருந்த சொல் கைக்கு வந்ததா என்பது வேறு கேள்வி. சவேரியார் செப்டம்பரில் கேட்டதையும் டிசம்பரில் கேட்டதையும் தூத்துக்குடிக் கரையில் ஒருவர் ஒரே சொல்லால் சொல்ல நினைத்தால், அவருக்கு அந்தச் சொல் போதும்.